முக்காடு பிஸ்கட்

ஏர் ஃபிரையரை மூன்று நிமிடம் காலியாக ஓடவிட்டுச் சூடேற்றிய பிறகுதான் பிஸ்கட்டை உள்ளே வைக்க வேண்டும். அவசரக்காரர்கள் இதைச் செய்வதில்லை. அப்புறம் மேல்மாவு வேகவில்லை என்று இயந்திரத்தைத் திட்டுவார்கள்.

டாக்டர் இலக்கியா அம்மாவுக்கு, சங்ககிரி வெங்கடாசலம் எழுதுவது. போன வியாழக்கிழமை உங்கள் அறையில் ஒரு வெள்ளைத்தாளை என் முன்னால் வைத்து, "உங்க சம்சாரம் இந்த எட்டு மாசமா என்ன சாப்பிட்டாங்கன்னு ஒண்ணு விடாம எழுதிக் குடுங்க, எதையும் மறைக்காதீங்க" என்றீர்கள். நான் மறைக்கிறவன் இல்லை, கூட்டிச் சொல்கிறவன். அதனால் கூட்டாமல் எழுதுவதற்குக் கொஞ்சம் சிரமப்பட வேண்டியிருக்கிறது. நீங்கள் கொடுத்த தாளும் போதவில்லை. காலண்டர் தாள்களின் பின்புறத்தைச் சேர்த்துக்கொண்டேன்.

முப்பத்தெட்டு வருஷம் நான் பொருட்காட்சிக் கடைக்காரனாக இருந்தேன். வைகாசியில் திருச்செங்கோட்டுத் தேர், ஆடியில் சேலம், நடுவில் எந்த ஊரில் ராட்டினம் சுற்றுகிறதோ அந்த ஊர். டெல்லி அப்பளமும் மிளகாய் பஜ்ஜியும் எல்லாக் கடையிலும் கிடைக்கும். முக்காடு பிஸ்கட் என் கடையில் மட்டும்தான். கிரீம் பிஸ்கட்டை இனிப்பு மைதாக் கரைசலில் முக்கி, காய்ந்த எண்ணெயில் விட்டு எடுப்போம். மேலே மொறுமொறுப்பாக இருக்கும். உள்ளே பிஸ்கட் கேக் மாதிரி இளகி, கிரீம் உருகிக் கிடக்கும். முதன்முதலில் அதைப் பார்த்த என் சம்சாரம் அத்தாயி, "ஏனுங்க, பிஸ்கட்டுக்கு முக்காடு போட்டு உட்டாப்பல இருக்குது" என்றாள். அதையே போர்டில் எழுதினேன்.

எங்கள் கடையில் ஒரு வழக்கம். முதல் ஈட்டில் முதல் பிஸ்கட் அத்தாயிக்கு. அவள் ஒரு கடி கடித்து, கண்ணை மூடி, சரி என்று தலையை மேலும் கீழும் ஆட்டினால்தான் வியாபாரம் தொடங்கும். பக்கவாட்டில் ஆட்டினால் அந்த மாவைக் கொட்டிவிட்டு வேறு கரைக்க வேண்டும். பேச்சே கிடையாது. ஒரு கல் உப்பு கூடினாலும் அவள் நாக்குக்குத் தெரியும்.

என் வேலை கூட்டம் சேர்ப்பது. சேலத்தில் ஒரு வருஷம் நான் போட்ட அப்பளம் எவ்வளவு பெரியதென்றால், திடீரென்று மழை பிடித்தபோது ஓமலூரிலிருந்து வந்த ஒரு கல்யாண கோஷ்டி அதன் அடியில்தான் ஒதுங்கியது. மழை விட்டதும் ஓரத்தைக் கடித்துக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தார்கள். நான் இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பின்னாலிருந்து அத்தாயி குரல் கொடுப்பாள்: "அவரு பேச்ச நம்பாதீங்க சாமி. பண்டத்த மட்டும் நம்புங்க." கூட்டம் சிரிக்கும். நானும் சிரிப்பேன். முப்பத்தெட்டு வருஷத்தில் என் கதை ஒன்றுகூட முடிவு வரை போனதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொல்கிறேன்.

ஐந்து வருஷத்துக்கு முன் அத்தாயிக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. கடையை மூடினோம். இரண்டு வருஷத்துக்கு முன் கண்ணில் புகை படிந்தது. வாசலில் ஆள் நிற்பது தெரியும், யார் என்று தெரியாது. ஜன்னலோரம் கட்டிலை இழுத்துப் போட்டுக் கொடுத்தேன். எங்கள் வீடு லாரி போகிற ரோட்டைப் பார்த்தது. ஒரு நாள் காலையில், "வெளிய என்னங்க தெரியுது?" என்று கேட்டாள்.

வெளியே ஒரு டயர் கடையும் ஒரு நாயும் இருந்தன.

"லாரியில ஒட்டகம் போகுது," என்றேன். "பின்னால இல்ல. டிரைவருக்குப் பக்கத்து சீட்டுல உக்காந்துருக்குது. கழுத்துல துண்டு போட்டுருக்குது."

பழைய அத்தாயியாக இருந்தால் எட்டிப் பார்த்துவிட்டு, 'எங்க, ஒண்ணையுங் காணோம்' என்றிருப்பாள். அன்றைக்குக் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"துண்டு என்ன கலருங்க?" என்றாள்.

டாக்டரம்மா, உங்களுக்குச் சின்ன வயசு. எழுபது வயசு வரை யாரும் முழுதாகக் கேட்காத பேச்சைப் பேசித் திரிந்தவன், எழுபத்தோராம் வயசில் 'துண்டு என்ன கலர்' என்ற கேள்வியைக் காதால் கேட்டால் அவனுக்கு உள்ளே என்ன ஆகும் என்று உங்கள் படிப்பில் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். பச்சை என்றேன். கரை மட்டும் சிவப்பு.

அதிலிருந்து தினமும் ஒன்று. பக்கத்து வீட்டுக் கண்ணாத்தாள் தலைமயிருக்குக் கத்திரிப்பூக் கலரில் சாயம் அடித்திருக்கிறாள். எதிர்க்காட்டில் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டி எண்ணூறு அடி போட்டதில் தண்ணீர் மோர் மாதிரி வெள்ளையாகப் பீச்சுகிறது, ஊரே குண்டாவைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. கோட்டை மலைச் சுவருக்கு வெள்ளையடிக்கிறார்கள், நாளைக்கு ஒரு கல் வீதம். எல்லாவற்றையும்விட அவளுக்குப் பிடித்தது மயில். காலையில் எங்கள் ஜன்னலுக்கு வெளியே சுவர்மேல் வந்து உட்காரும். பிறவி ஊமை, அதனால் சத்தம் கேட்காது என்றேன். அத்தாயி தினமும் ஒரு தட்டில் அரிசி வைப்பாள். நான் அரிசியை டப்பாவில் திருப்பிக் கொட்டிவிட்டுத் தட்டை அவள் கையில் கொடுப்பேன். வெறும் தட்டைத் தடவிப் பார்த்து, "இன்னிக்கு நல்லாத் தின்னுருச்சுங்க" என்பாள். அப்போது அவள் முகம் இருந்த அழகை நீங்கள் பார்க்கவில்லை.

போன வைகாசியில் எங்கள் மகள் சரிதா அவளை உங்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தாள். நீங்கள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "புரை முத்தியிருக்கு, நரம்பு கொஞ்சம் சோர்ந்திருக்கு. மூணு மாசம் சக்கரையக் கட்டுல வெச்சுட்டு வாங்க. ஆபரேசன் பண்ணிட்டா நல்லாத் தெரியும்" என்றீர்கள்.

பஸ்ஸில் திரும்பும்போதே அத்தாயி விரல்விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டாள். "மொதல்ல அந்த ஊம மயிலு. அப்பறம் கண்ணாத்தா தலை. அந்த மோர்த் தண்ணி. கோட்டையில எத்தன கல்லு வெள்ளையாச்சுன்னு எண்ணோணும். எல்லாத்தையும் நீங்கதான் கூட்டிப்போயிக் காட்டோணுமுங்க. ஒண்ணு உடப்படாது."

சரி என்றேன்.

"கண்ணு வந்தா உங்கள இனிமேப் பொய்க்காரருன்னு சொல்ல மாட்டனுங்க," என்றாள். "இத்தன வருசமும் நாந்தான் பாக்காமப் பேசிப் போட்டன்."

நான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தேன். கோட்டை மலை எப்போதும் போலக் கறுப்பாக இருந்தது.

ஆனி மாசம் சரிதா பரமத்தி வேலூரிலிருந்து அந்த ஏர் ஃபிரையரைக் கொண்டுவந்தாள். அவள் வீட்டுக்காரருக்கு அங்கே வெற்றிலைக் கொடிக்கால். "எண்ணெயே வேண்டாங்கப்பா. வெறுங் காத்துலயே வெந்துரும். அம்மாவுக்கு ஒண்ணுஞ் செய்யாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். எங்கள் தெருவில் அன்று முதல் ஒரு நம்பிக்கை ஏற்பட்டது. அந்தப் பெட்டியிலிருந்து எது வந்தாலும் மருந்து. கண்ணாத்தாள் வந்து எட்டிப் பார்த்து, "எண்ணெ இல்லாட்டி சக்கரக்காரங்க எதை வேணாலும் திங்கலாமாமா?" என்றாள். "எதை வேணாலும்," என்றேன். பெட்டி என்ன செய்யும் பாவம். அது எண்ணெயைத்தான் கழிக்கிறது. உள்ளே வைக்கிற சர்க்கரையை அப்படியே திருப்பித் தந்துவிடுகிறது. இவ்வளவு எளிய விஷயத்தை எங்கள் தெருவில் ஒருவரும் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன்.

முதல் முறை பழைய பழக்கத்தில் கரைசலில் முக்கி வைத்தேன். அது தட்டின் ஓட்டைகள் வழியாக ஒழுகிக் கீழே தூண் தூணாகக் காய்ந்து நின்றது. இந்தப் பெட்டிக்குக் கரைசல் ஆகாது, பிசைந்த மாவுதான் ஆகும். பஸ் ஸ்டாண்டு பரோட்டாக் கடையில் மாவு உருண்டை வாங்கினேன். மெல்லிசாக விரித்து, இரண்டு கிரீம் பிஸ்கட்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நாலு மூலையையும் மடித்துக் கிள்ள வேண்டும். மடிப்பு கீழே இருக்கட்டும். மேலே இருந்தால் உள்ளே சுற்றுகிற காற்று முக்காட்டைத் திறந்துவிடும். மேலே நெய் தொட்டுத் தடவி, நூற்றெண்பது டிகிரியில் ஐந்து நிமிடம், திருப்பிப் போட்டு மூன்று நிமிடம். எடுத்த சூட்டில் பொடித்த சர்க்கரையைத் தூவ வேண்டும். ஆறினால் ஒட்டாது.

வழக்கப்படி முதல் ஈட்டை அத்தாயி கையில் வைத்தேன். கடித்தாள். கண்ணை மூடினாள்.

"இனிக்குதுங்களே," என்றாள்.

"சக்கரக்காரங்களுக்குன்னே வர்ற பிஸ்கட் அது. இனிப்பு நாக்கோட நின்னுரும். ரத்தத்துக்குப் போகாது."

"நெசமாலுமா?"

"மெஷின்ல பாத்துக்கலாம் வா."

இந்த இடத்தில் அந்தச் சின்ன மெஷினைப் பற்றிச் சொல்ல வேண்டும். சரிதா வாங்கி வைத்தது. விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் காட்டினால் சர்க்கரை எவ்வளவு என்று எண் வரும். எண்ணை அத்தாயியால் படிக்க முடியாது, அதனால் நான் வாயால் எதையாவது சொல்லியிருக்கலாம். ஆனால் மெஷினுக்குள் பழைய எண்கள் எல்லாம் தங்கும், ஞாயிற்றுக்கிழமை தோறும் சரிதா வந்து அழுத்திப் பார்ப்பாள். ஆகவே அத்தாயியின் விரலைக் குத்திப் பஞ்சால் துடைத்துவிட்டு, சத்தமில்லாமல் என் விரலைக் குத்தி என் ரத்தத்தைக் காட்டினேன். எனக்குச் சர்க்கரை கிடையாது. நூற்றுப் பதினெட்டு, நூற்றுப் பன்னிரண்டு, இப்படித்தான் வரும். அவளுக்கு வலித்த அத்தனை நாளும் எனக்கும் வலித்தது. எத்தனை புருஷன்மார் இப்படிச் செய்வார்கள் என்று எனக்குத் தெரியாது.

"நூத்திப் பதினெட்டு," என்றேன்.

அத்தாயி இன்னொரு கடி கடித்தாள். "என்ற நாக்கு பொய் சொல்லுதாட்ட இருக்குதுங்க," என்றாள். பிறகு மேலும் கீழும் தலையை ஆட்டினாள்.

காலையில் இரண்டு, நாலு மணிக்கு இரண்டு. எட்டு மாசம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் உண்மையிலேயே சர்க்கரை இல்லாத பிஸ்கட்டில் செய்தேன். சரிதாவும் ஒன்று தின்று பார்த்தாள், மண்ணு மாதிரி இருக்கிறது என்றாள். நீங்கள் கேட்டது இந்தக் கணக்குத்தான் என்று நினைக்கிறேன். மற்றபடி அவள் ராகிக்களியும் கீரையும்தான் சாப்பிட்டாள். மாத்திரை ஒரு வேளை தவறியதில்லை, நானே கொடுத்தேன்.

புரட்டாசியில் உங்களிடம் காட்ட வந்தபோது சர்க்கரை முந்நூற்று நாற்பது வந்தது. அத்தாயி பயந்துவிட்டாள். வெள்ளைக் கோட்டைப் பார்த்தால் சர்க்கரை ஏறும், லாரிக்காரன் போலீசைப் பார்த்த மாதிரி என்று அவளிடம் சொன்னேன். உங்களிடம் நடையில் தனியாக வந்து, அவள் வெல்லத்தை ஒளித்து வைத்துத் தின்கிறாள் என்று சொன்னேன். நீங்கள் உள்ளே போய் அவளைப் பார்த்து, "ஏம்மா, இந்த வயசுல திருட்டுத்தனமா திங்கலாமா? உங்க வீட்டுக்காரர் எவ்வளவு பாடுபடுறார்" என்றீர்கள். நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கும். உங்களைக் குறை சொல்லவில்லை. நான் சொன்ன கதையைக் கடைசி வரை கேட்டவர்களில் நீங்களும் ஒருவர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சரிதா வந்து தலையணைக்கு அடியில் அச்சு வெல்லம் ஒன்றைக் கண்டெடுத்தாள். வைத்தது நான்.

"ஏம்மா இப்புடிப் பண்றீங்க, சின்னப் புள்ளயாட்ட? கண்ணு வேணுமா வேண்டாமா உங்களுக்கு?"

"நா வெக்கிலியே கண்ணு."

"அப்பறம் அப்பாவா வெச்சாரு?"

மூன்று பேரும் சிரித்தோம். அத்தாயி மட்டும் பாதியில் நிறுத்திவிட்டாள்.

சரிதா போன பிறகு என்னைக் கூப்பிட்டு, "தூக்கத்துல எந்திரிச்சுத் திங்கறனோ என்னமோ தெரியலீங்களே. நீங்க எப்பவாவது பாத்தீங்களா?" என்று கேட்டாள்.

"பாத்தேன்," என்றேன். "வயசானா வாரதுதான். ஆருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. எங்களுக்குள் அவ்வளவு ஒற்றுமை கடை நடத்திய காலத்தில்கூட இருந்ததில்லை. ஆபரேசன் தள்ளிப் போயிற்று. அன்று சாயந்திரம் கோட்டையில் நூற்று ஆறாவது கல்லுக்கு வெள்ளையடித்தார்கள்.

மார்கழியில் அவள் வலது கண் திடீரென்று மூடிக்கொண்ட மாதிரி இருட்டிவிட்டது. உடனே ஆஸ்பத்திரி போகலாம் என்றாள். போனால் ஆபரேசன் இன்னும் தள்ளிப் போகும், பொங்கல் வரை பொறு, தானாகத் தெளியும் என்றேன். பொறுத்தாள். பொங்கல் கழிந்து பத்தாம் நாள் காலை, பிஸ்கட்டுக்குச் சர்க்கரை தூவிக்கொண்டிருந்தபோது கூப்பிட்டாள்.

"ஏனுங்க, இந்த எடது கண்ணுக்குள்ள செகப்பா நூலு நூலா எறங்குதுங்க. மயிலு தோகை விரிச்சாப்பல இருக்குது." கொஞ்சம் பொறுத்து, "மயிலு செகப்பாவா இருக்கும்?" என்றாள்.

மூன்றாம் நாள் அந்தச் சிவப்பும் போய்விட்டது. சரிதா வந்து அவளை உங்களிடம் அழைத்து வந்தாள். உள்ளே ரத்தம் கசிந்து கண்ணின் திரை பிய்ந்துவிட்டது, இரண்டு கண்ணுக்கும் இனி ஆபரேசனுக்கு வேலை இல்லை என்று நீங்கள் சொன்னீர்கள். பிறகு வீட்டு மெஷினை வாங்கி அழுத்திப் பார்த்துவிட்டு, மூன்று மாசச் சராசரி என்று ஏதோ ஒரு பரிசோதனை எடுத்தீர்கள். அப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து என்னைப் பார்த்தீர்கள். அத்தாயியும் அதே அறையில்தான் உட்கார்ந்திருந்தாள். "வீட்டு மெஷின்ல இருக்கறது உங்க ரத்தமே இல்லம்மா" என்று அவளிடம் சொன்னீர்கள்.

வெள்ளிக்கிழமை காலை வழக்கம்போல முதல் ஈட்டை எடுத்து அவள் கையில் வைத்தேன். முகர்ந்து பார்த்தாள். கடிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, "உங்க கையக் குடுங்க" என்றாள்.

கொடுத்தேன். இடது கை விரல்களை ஒவ்வொன்றாக எடுத்து, நுனியைத் தன் கட்டைவிரலால் தடவினாள். பண்டம் ருசி பார்க்கிறபோது மூடுகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டாள். மூடவேண்டிய அவசியம் இல்லாவிட்டாலும் மூடிக்கொண்டாள். பிறகு தன் விரல் நுனிகளையும் அதேபோலத் தடவிப் பார்த்தாள்.

"உங்களுக்குச் சக்கர இல்லீங்களே," என்றாள்.

"இல்ல."

"அப்பறம் எதுக்குங்க இத்தன குத்து?"

எழுபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாக எனக்கு ஒரு கதையும் வரவில்லை. டயர் கடையில் யாரோ காற்று அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அவள் என் கையை என் மடியிலேயே திருப்பி வைத்தாள்.

"இன்னிக்கு மயிலு வந்துதுங்களா?" என்று கேட்டாள்.

எனக்கு உயிர் வந்தது. "வந்துருக்குது. அரிசிக்கு நிக்குது பாரு" என்றேன்.

அத்தாயி தலையை ஆட்டினாள். பக்கவாட்டில்.

மத்தியானம் சரிதா வந்து அவளைப் பரமத்தி வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அம்மாதான் போன் செய்து வரச் சொன்னாளாம். நம்பரை எப்படித் தடவி அழுத்தினாள் என்று எனக்குப் புரியவில்லை. போகும்போது என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கோபம் இருந்தால் திட்டியிருப்பாள். ஆகவே கோபம் இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் எழுதச் சொன்னதை எழுதிவிட்டேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்லவில்லை. அவள் கண் போகும் என்று தெரியும், நீங்களே வைகாசியில் அதை விளக்கமாகச் சொல்லியிருந்தீர்கள். தெரிந்துதான் தினமும் நாலு வைத்தேன். கண் வந்திருந்தால் அவள் என்னத்தைப் பார்த்திருப்பாள், சொல்லுங்கள். ஒரு டயர் கடை. ஒரு நாய். கறுப்பு மலை. நரைத்த கண்ணாத்தாள். நான் அவளுக்குக் கொடுத்ததில் பாதிகூட அங்கே கிடையாது. இதைப் போலீசுக்குக் கொடுப்பதானால் கொடுங்கள், கையெழுத்து போட்டிருக்கிறேன். அதற்கு முன்னால் சரிதாவிடம் ஒரு வார்த்தை சொல்லி அம்மாவைத் திருப்பி அனுப்பச் சொன்னால் உதவியாக இருக்கும். வேலூரில் அவளுக்கு வெளியே என்ன நடக்கிறது என்று சொல்ல ஆள் கிடையாது.

இந்த ஐந்து நாளும் முதல் ஈட்டைப் போட்டு, தட்டில் எடுத்து, ஜன்னலோரக் கட்டில்மேல் வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். சாயந்திரம் வரை வைத்தது வைத்தபடியே இருக்கிறது. சர்க்கரை கொஞ்சம் கம்மியாகப் போய்விட்டதோ என்று சந்தேகமாக இருக்கிறது. நாளைக்குக் கூடப் போட்டுப் பார்க்கிறேன்.